பூனை, பெட்டி, பேராசிரியர்

பூனைக்குக் கை கொடுக்கக் கற்றுத்தர விரும்பும் எவரும் முதலில் செய்வது, அதன் முன்காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவதுதான். அது பலிப்பதில்லை என்று 1898-லேயே ஒருவர் சோதித்து எழுதிவைத்துவிட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாளராக இருந்த எட்வர்ட் தார்ண்டைக் அவர்.

அக்காலத்து விலங்கு உளவியல் பெரும்பாலும் கதைகளால் ஆனது. ஜார்ஜ் ரொமேன்ஸ் 1882-ல் வெளியிட்ட நூலில், தன் வண்டிக்காரரின் பூனை தாவித் தொங்கித் தாழ்ப்பாளை அழுத்திக் கதவைத் திறந்ததைச் சொல்லி, அதற்கு இயந்திர அறிவு உண்டு என்றே கருதினார். தார்ண்டைக்குக் கதைகள் மீது நம்பிக்கையில்லை. தொலைந்த நாய் வீடு திரும்பினால் செய்தியாகிறது; திரும்பாத நாய்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள் என்று கேட்டார்.

மரச்சட்டங்களால் பெட்டிகள் செய்தார். உள்ளே பசித்த பூனை, வெளியே மீன். கயிற்று வளையத்தை இழுத்தாலோ மரக்கட்டையைத் திருப்பினாலோ கதவு திறக்கும். பூனை கீறும், கடிக்கும், இடுக்குகளில் காலை விடும். ஏதோ ஒரு கணத்தில் வளையம் சிக்கும். மீண்டும் மீண்டும் அடைத்தபோது வெளியேறும் நேரம் ஏறி இறங்கி மெல்லக் குறைந்ததே தவிர, புரிந்துகொண்டதுபோல் சட்டென்று விழவில்லை. இன்னொரு பூனை வெளியேறுவதைப் பார்த்தும் பயனில்லை. அவரே காலைப் பிடித்து இழுக்கவைத்தும் பயனில்லை. தானே செய்து பலன் கண்டது மட்டுமே நிலைத்தது.

ஒரு சோதனையில், பூனை தன்னைத்தானே நக்கிக்கொண்டால் இவர் கதவைத் திறந்துவிடுவார். நாளடைவில் அது பேருக்கு நாக்கை நீட்டுவதோடு நிறுத்திக்கொண்டது. (இந்த நக்கலில் வேறு பொருளும் இருந்திருக்கலாம் என்பது என் ஐயம்.)

மான்ட்ரியாலின் வெஸ்லி மில்ஸ் 1899-ல் கடுமையாக மறுத்தார்: உயிருள்ள மனிதனைச் சவப்பெட்டியில் அடைத்து மண்ணுக்குள் இறக்கி, அவன் நடத்தையிலிருந்து மனித இயல்பை ஊகிப்பது போன்றது இது என்றார். இந்த மறுப்புக்கு இன்றும் வலு குறையவில்லை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் பாடநூல்களில் வென்றவர் தார்ண்டைக்.

வேடிக்கை பிறகு நடந்தது. எட்வின் கத்ரியும் ஜார்ஜ் ஹார்ட்டனும் 1946-ல் வெளியிட்ட நூலில், பெட்டிக்குள் நட்ட கம்பத்தைத் தொட்டால் கதவு திறக்கும் ஏற்பாடு ஒன்று வருகிறது. பூனைகள் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக உடலைக் கம்பத்தில் உரசி வெளியேறுவதைப் புகைப்படங்களில் பதிவுசெய்து, கற்றல் என்பது அசைவுகள் அப்படியே திரும்ப நிகழ்வதுதான் என்று ஒரு கொள்கைக்கு ஆதாரம் காட்டினார்கள்.

1979-ல் புரூஸ் மூரும் சூசன் ஸ்டட்டார்டும் அதே கம்பத்தை நட்டார்கள்; உரசியதற்கு எந்தப் பரிசும் தரவில்லை. பூனைகள் அப்போதும் உரசின, பார்வைக்கு எதிரே மனிதர் அமர்ந்திருந்தால். ஆள் கண்ணில் படாதபோது உரசவில்லை. வீட்டுக்குள் நுழைபவரின் காலையோ நாற்காலிக் காலையோ உரசி வரவேற்கிறதே, அதே வரவேற்பு. கத்ரியும் ஹார்ட்டனும் பூனைகளின் கண்ணுக்குத் தெரியும்படி எதிரில் உட்கார்ந்துதான் குறிப்பெடுத்திருந்தார்கள்.