துறைமுகம் இல்லாத ஊரின் துறைமுக ஓவியம்

அமெரிக்க ஓவியர் ஃபிட்ஸ் ஹென்றி லேன் 1850களில் பாஸ்டன் துறைமுகத்தைப் பலமுறை வரைந்தார். அவ்வோவியங்களில் கடல் அலையடங்கிக் கிடக்கிறது. பாய்மரக் கப்பல்கள் அந்தி ஒளியில் அசையாது நிற்கின்றன. பிரெடரிக் டியூடரின் நிறுவனம் ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியை இந்தியாவுக்கு ஏற்றியனுப்பியதும் அத்துறைமுகத்திலிருந்துதான். அதைச் சேமிக்க 1842இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸே இன்றைய விவேகானந்தர் இல்லம்.

பாஸ்டன் கப்பல்கள் வந்தடைந்த சென்னையிலோ அன்று துறைமுகமே இல்லை. தாமஸ் டேனியல் 1797இல் வெளியிட்ட புனித ஜார்ஜ் கோட்டையின் தென்கிழக்குத் தோற்றம் இதைக் காட்டுகிறது. பின்னணியில் கோட்டை, முன்னால் கரையில் மோதும் அலைகளும் அவற்றோடு போராடும் படகுகளும். கப்பல்கள் ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டன. ஆளும் சரக்கும் மசூலாப் படகில் கரை சேர்ந்தன. ஆணி அறையாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். சென்னையின் கடல் வணிகம் முழுவதும் அப்படகோட்டிகளின் கைத்திறனை நம்பியிருந்தது. 1861இல் இரும்புத் தூண்கள்மீது கடற்பாலம் அமைந்தது. 1876இல் தொடங்கிய துறைமுகப் பணியோ 1881 நவம்பர்ப் புயலில் பெருஞ்சேதமுற்றது.

இத்தகைய கரையை ஆங்கிலேயர் ஏன் தேர்ந்தனர்? விடை கடலில் இல்லை, உள்நாட்டில் இருக்கிறது. பிரான்சிஸ் டே நாடியது நல்ல துறையை அன்று. மலிவான பருத்தித் துணியை. 1639இல் அவருக்கு இசைவளித்தவர் தாமர்லா வேங்கடாத்ரி நாயக்கர். அவருடைய குடி காளத்திப் பாளையத்தோடு தொடர்புடையது. 1645இல் அவ்வுரிமையை உறுதிசெய்தவர் விசயநகரின் மூன்றாம் ஸ்ரீரங்கர். அவரது அரவீட்டு மரபின் இறுதிக்காலத் தலைநகர்களுள் ஒன்று திருப்பதியை அடுத்த சந்திரகிரி. பிற்காலத்தில் சித்தூர் மாவட்டத்தில் அடங்கி, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ள சந்திரகிரியும் காளத்தியும் இவ்வாறு சென்னையின் பிறப்போடு பிணைந்துள்ளன.

லேனின் ஓவியத்தில் பனிக்கட்டி அறுத்தவர்கள் இல்லை. டேனியலின் ஓவியத்தில் படகோட்டிகள் உண்டு. நெசவாளர்களும் நிலம் அளித்த அரசும் இல்லை. துறைமுக ஓவியத்தைச் சான்றாகக் கொள்ளும் மாணவர், கப்பல்களை எண்ணுவதோடு நில்லாமல் அவற்றின் சரக்கு எங்கிருந்து வந்தது என்றும் வினவ வேண்டும். சென்னையைப் பொறுத்தவரை அவ்வினா கடற்கரையிலிருந்து சந்திரகிரி மலையடிவாரம்வரை இட்டுச்செல்கிறது.