சென்னையில வேலை கிடைச்சிடுச்சு... எந்த ஏரியாவுல தங்குறது?

ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. வேலை சென்னையில். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த நாளே சித்தப்பா போன் பண்ணி, "நம்ம ஊர்க்காரப் பையன் மடிப்பாக்கத்துல இருக்கான், அங்கேயே ரூம் பார்த்துடலாம்" என்பார். காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவன், "மச்சி, வேளச்சேரிதான் பெஸ்ட்" என்பான். இன்னொருவன், "தாம்பரத்துல வாடகை கம்மிடா" என்பான். மூன்று பேர் சொல்வதும் பொய் இல்லை. ஆனால், மூன்று பேரும் அவரவர் ஆபீஸை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். உங்கள் ஆபீஸ் எங்கே என்று ஒருத்தருமே கேட்கவில்லை, கவனிச்சீங்களா?

ஏரியா தேடும் வேலை அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும்.

ஆஃபர் லெட்டரில் 'சென்னை' என்று மட்டும் இருந்தால் அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். திருவான்மியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டைடல் பார்க்கும் ஓ.எம்.ஆர்.தான், சிறுசேரி சிப்காட்டும் ஓ.எம்.ஆர்.தான். இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அம்பத்தூர் எஸ்டேட் நகரத்தின் வேறொரு மூலையில் இருக்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை என்றால், ஊரில் எல்லோரும் 'சென்னை வேலை' என்றுதான் சொல்வார்கள். உண்மையில் நீங்கள் சென்னைக்கு வெளியே வேலை பார்க்கப் போகிறீர்கள்.

அதனால் ஹெச்.ஆரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எந்த கேம்பஸ்? டிரெயினிங் முடிந்த பிறகும் அதே கேம்பஸ்தானா? கம்பெனி பஸ் அல்லது கேப் எந்தெந்த ஏரியாவுக்கு வரும்? இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். பெரிய ஐ.டி. நிறுவனங்களில் டிரெயினிங் ஓரிடத்திலும் புராஜெக்ட் வேறிடத்திலும் கிடைப்பது சகஜம். சிறுசேரி டிரெயினிங்கை நம்பி நாவலூரில் அட்வான்ஸ் கொடுத்து வீடு எடுத்த பிறகு, "அடுத்த திங்கள்ல இருந்து அம்பத்தூர் வந்துடுங்க" என்று மெயில் வந்தால், அட்வான்ஸைத் திரும்ப வாங்குவதே தனி புராஜெக்ட் ஆகிவிடும். முதல் இரண்டு மாதம் ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு பி.ஜி.யில் இருந்துவிட்டு, பிறகு வீடு தேடுங்கள். பி.ஜி. சாம்பாரைப் பற்றி எனக்கும் நல்ல அபிப்ராயம் கிடையாது. ஆனாலும் இரண்டு மாதம் தாங்கலாம்.

வாடகை கம்மி... ஆனா நேரம்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆபீஸ் பக்கத்தில் ஷேரிங் ரூம் 9,500 ரூபாய், தள்ளி இருக்கும் ஏரியாவில் 6,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3,000 ரூபாய் மிச்சம். ஆனால், போக 45 நிமிடம், வர 45 நிமிடம் கூடுதலாக ஆகிறது. மாதத்துக்கு 22 வேலை நாள் என்றால் 33 மணி நேரம். உங்கள் ஒரு மணி நேரத்தைச் சுமார் 90 ரூபாய்க்கு விற்கிறீர்கள். அதிலேயே பஸ், ஷேர் ஆட்டோ காசு, மழை நாளில் கேப் காசு எல்லாம் கழியணும். கையில் நிற்பது என்ன என்று பார்த்தால், சில மாதங்களில் ஒன்றுமே நிற்காது.

முதல் வேலையில் சம்பளம் குறைவு, வீட்டுக்கும் பணம் அனுப்பணும். அந்த 3,000 ரூபாய் ஊரில் ஒரு மாத கேஸும் மருந்துச் செலவும் என்றால், தள்ளித் தங்குவதில் தப்பே இல்லை. அப்படித் தங்குவதாக இருந்தால் ரயில் பாதையை ஒட்டித் தங்குங்கள். சிக்னல், பள்ளம், மெட்ரோ தோண்டல் எதிலும் சிக்காமல் ஓடுவது ரயில்தான். ரோட்டில் 12 கிலோமீட்டர் தள்ளி இருப்பதைவிட, ரயிலில் 20 கிலோமீட்டர் தள்ளி இருப்பது மேல்.

கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் ஆபீஸ் என்றால் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வரை தாராளமாகப் போகலாம். மின்சார ரயில் கிண்டியில் இறக்கிவிடும். பரங்கிமலையில் இறங்கினால் மெட்ரோவுக்கு மாறிக்கொள்ளலாம். தரமணி, டைடல் பார்க் என்றால் பறக்கும் ரயில் பாதை: வேளச்சேரி, திருவான்மியூர், இந்தப் பக்கம் மந்தைவெளி, மயிலாப்பூர். அம்பத்தூர் எஸ்டேட் என்றால் வில்லிவாக்கம், ஆவடி ரயில் பாதையில் பாருங்கள், பட்டரவாக்கத்தில் இறங்கலாம்.

சிக்கல் சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரிக்காரர்களுக்குத்தான். அங்கே ரயில் கிடையாது. மாதவரத்தில் இருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ இரண்டாம் கட்டப் பாதை திட்டமிடப்பட்டு, ஓ.எம்.ஆர். நெடுக வேலை நடந்துவருகிறது. "இன்னும் கொஞ்ச நாள்ல வாசல்லயே மெட்ரோ" என்று சொல்லி புரோக்கர்கள் வாடகையை ஏற்றுவார்கள். வரப்போகும் மெட்ரோவுக்கு இப்பவே வாடகை கொடுக்காதீங்க. இன்றைக்கு உங்களுக்குக் கிடைப்பது அந்த வேலையால் குறுகிப்போன ரோடு மட்டும்தான். இந்தப் பக்கம் ஆபீஸ் என்றால் ஓ.எம்.ஆர். மேலேயே, ஆபீஸில் இருந்து ஒரே ஷேர் ஆட்டோவில் வரும் தூரத்தில் தங்குவதுதான் என் சிபாரிசு. 'சோழிங்கநல்லூருக்கு மிக அருகில்' என்ற விளம்பரம் பெரும்பாக்கத்திலும் இருக்கும், மேடவாக்கத்திலும் இருக்கும். அந்த 'அருகில்' காலை எட்டே முக்காலுக்கு எவ்வளவு அருகில் என்று பார்க்கணும்.

எப்படிப் பார்ப்பது? எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சென்னையில் எல்லாமே பக்கம்தான். ஒரு வேலை நாளில், ஆபீஸ் நேரத்துக்கு, நீங்கள் தினமும் போகப்போகும் அதே பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு தடவை போய்ப் பாருங்கள். பெண்கள் கட்டணமில்லாமல் போகும் பிங்க் பஸ் அந்த ரூட்டில் எத்தனை வருகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

மழை வந்தா என்ன ஆகும்?

சென்னையில் ஏரியா பார்க்கும்போது யாரும் விளம்பரத்தில் போடாத விஷயம் இது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம், கோட்டூர்புரம், வேளச்சேரி எல்லாம் எப்படி மூழ்கின என்று டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் மறுபடியும் அதே கதை. மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஊர்க்காரர்களின் அனுபவ அறிவு அது. வேளச்சேரியில் இருந்து ஓ.எம்.ஆர். வரை பரந்திருக்கும் பள்ளிக்கரணை சதுப்பு நிலம்தான் தென்சென்னையின் வெள்ளத்தைக் குடிக்கும் இடம். அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டடங்கள் வந்துவிட்டன. தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடித்தான் வரும்.

அதற்காக இந்த ஏரியாக்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. லட்சக்கணக்கான பேர் அங்கேதான் வாழ்கிறார்கள். ஒரே ஏரியாவில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு காய்ந்து கிடக்கும். நீங்கள் விசாரிக்க வேண்டியது தெருவைப் பற்றி. அதுவும் ஹவுஸ் ஓனரிடம் கேட்காதீர்கள். "நம்ம தெருவுல தண்ணியே நிக்காது" என்பதுதான் எல்லா ஓனரும் சொல்லும் வசனம். தெருமுனை டீக்கடையில், இஸ்திரி போடும் அண்ணனிடம், பால் பாக்கெட் போடும் அக்காவிடம் கேளுங்கள். "மிக்ஜாம் அப்போ இங்க எதுவரைக்கும் தண்ணி வந்துச்சுண்ணே?" என்று கேட்டால், முழங்காலா, இடுப்பா என்று கையை வைத்தே காட்டுவார்கள். கரன்ட் எத்தனை நாள் இல்லை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கண்ணாலும் பார்க்கலாம். காம்பவுண்டு சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் பழைய கறை, வாசலைவிட உயர்ந்துவிட்ட ரோடு, தரையை ஒட்டிய இ.பி. பெட்டி, இதெல்லாம் இருந்தால் தரைத்தளம் வேண்டவே வேண்டாம். மாடி பாருங்கள். மாடியிலும் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை என்றால் மே மாதத்தை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணி எங்கிருந்து வருது?

மழையில் மூழ்கும் அதே ஊர்தான் கோடையில் தண்ணிக்கு அலைகிறது. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது, ஓ.எம்.ஆரில் சில ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டில் இருந்தே வேலை பார்க்கச் சொன்னது ஞாபகம் இருக்கலாம். வீட்டுக்கு மெட்ரோ வாட்டர் வருகிறதா, போர் தண்ணியா, லாரித் தண்ணியா என்று கேளுங்கள். லாரி என்றால் அந்தக் காசு வாடகையில் அடங்குமா, மெயின்டனன்ஸில் தனியாக வருமா? போர் என்றால் குழாயைத் திறந்து கையில் சோப்பு போட்டுப் பாருங்கள். நுரை வராமல் அடம்பிடித்தால் உப்புத் தண்ணி. முடி கொட்டுகிறது என்று அடுத்த வருஷம் புலம்புவதைவிட, இப்போது ஓனர் முன்னால் கை கழுவுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ராத்திரி பத்து மணிக்கு அந்தத் தெரு எப்படி?

பகலில் பார்த்த தெருவும் ராத்திரி பத்து மணித் தெருவும் ஒன்றல்ல. குறிப்பாகப் பெண்கள், ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. பஸ் ஸ்டாப்பில் இருந்து வீட்டு வாசல் வரை ராத்திரி ஒரு தடவை, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, மெடிக்கல் ஷாப்போ பரோட்டாக் கடையோ திறந்திருக்கிறதா, வழியில் டாஸ்மாக் இருக்கிறதா, எத்தனை நாய்கள் துரத்துகின்றன... எல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். 500 ரூபாய் கூட ஆனாலும் மெயின் ரோட்டுக்கு இரண்டாவது தெருவில் இருக்கும் ரூமை எடுங்கள்.

பி.ஜி. என்றால் கேட் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், நைட் ஷிப்ட்டுக்கு என்ன ஏற்பாடு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தமிழக அரசு நடத்தும் 'தோழி' விடுதிகளையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். தாம்பரத்தில் ஒன்று இருக்கிறது.

ஊருக்குப் போற வழி

முதல் வருஷம் நீங்கள் மாதத்துக்கு இரண்டு தடவையாவது ஊருக்கு ஓடுவீர்கள். தென் மாவட்டம் என்றால் அரசு பஸ் இப்போது கிளாம்பாக்கத்தில் இருந்து. வெள்ளிக்கிழமை சாயந்தரம் அம்பத்தூரில் இருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் இருப்பவர்கள் அந்த நேரத்தில் சாப்பிட்டு முடித்து நிதானமாகக் கிளம்புவார்கள். தெற்கே போகும் பல ரயில்களும் தாம்பரத்தில் நிற்கும். கோவை, சேலம் பக்கத்துக்காரர்களுக்கு சென்ட்ரலுக்கு மெட்ரோவில் வரக்கூடிய ஏரியா வசதி.

ஓனர் கேட்கும் கேள்விகள்

"பேச்சுலருக்குக் கொடுக்கிறதில்ல" என்பது பழகிவிடும். "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அசிங்கமான கேள்விதான். அதற்கு பதில் சொல்லி, கெஞ்சி வாங்கும் வீட்டில் முட்டை வேகவைக்கவும் பயந்துகொண்டுதான் இருப்பீர்கள். வேறு வீடு பாருங்கள். சென்னையில் அப்படிக் கேட்காத ஓனர்களும் நிறைய.

அட்வான்ஸ் விஷயத்தில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம். நடைமுறையில் ஐந்து, பத்து மாதம் கேட்பவர்கள் உண்டு. பேரம் பேசுங்கள். பணத்தை பேங்க் வழியாகவே அனுப்புங்கள். வீட்டையே பார்க்காமல், "இன்னிக்கு டோக்கன் போட்டா ஹோல்ட் பண்றேன்" என்று ஆன்லைனில் அவசரப்படுத்துபவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

கரன்ட் பில் யார் பெயரில், தனி மீட்டரா, சப் மீட்டரா என்பதையும் கேட்டுவிடுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வசூலித்தால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. சாவி வாங்கும் அன்றைக்கே மீட்டர் ரீடிங், சுவரில் இருக்கும் விரிசல், உடைந்த டைல்ஸ், ஒழுகும் குழாய் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப் பண்ணிவிடுங்கள். காலி பண்ணும்போது, "இதெல்லாம் நீங்க உடைச்சது" என்று அட்வான்ஸில் கழிக்க வந்தால், தேதியோடு அந்த மெசேஜ் இருக்கும்.