செக்கும் சிலேட்டும்

பொத்தேரி ஸ்டேஷனில் காலை வண்டியிலிருந்து இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் பிள்ளைகள். அதே தண்டவாளம் தெற்கே இன்னும் கொஞ்ச தூரம் போய்ச் செங்கற்பட்டை அடைகிறது. அங்கே 1887-ல் சர்க்கார் ஒரு சீர்திருத்தப் பள்ளியை ஏற்படுத்திற்று. பெரிய திருடர்களோடு சின்னப் பையன்களை அடைத்துப் போட்டால் பையனும் பெரிய திருடனாகத்தான் வெளியே வருவான் என்பது அதற்குள் ஒருவாறு விளங்கிப் போயிருந்தது. ஆகவே அவர்களைத் தனியே பிரித்து, எழுத்தும் கைத்தொழிலும் கற்பிப்பது என்று ஏற்பாடு.

இது சின்ன மாறுதல் அல்ல. அதற்கு ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இருந்த எண்ணமே வேறு. 1838-ல் இந்தியச் சிறைகளைப் பற்றி ஒரு கமிட்டி அறிக்கை கொடுத்தது. மெக்காலே துரையும் அதில் ஓர் அங்கத்தினர். ஆமாம், நமக்கெல்லாம் இங்கிலீஷ் படிப்பு வேண்டும் என்று வாதாடிய அதே மெக்காலேதான். கைதிக்கு மட்டும் படிப்பு வேண்டாம் என்றது கமிட்டி. நீதிபோதனை வேண்டாம், நன்னடத்தைக்குச் சலுகை வேண்டாம், வெளியே போய் ரோடு போடுவதும் கூடாது. மதிலுக்குள்ளேயே சலித்துப் போகும்படியான வேலையாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வேலையில் எண்ணெய் வருகிறதா, கயிறு வருகிறதா என்பது பெரிதில்லை. கைதி அதை வெறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சித்தாந்தம் எப்படியிருக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் கிண்டி காந்தி மண்டபத்துக்குப் போகலாம். கோயமுத்தூர் ஜெயிலில் வ. உ. சிதம்பரம் பிள்ளை இழுத்த கற்செக்கு அங்கே இருக்கிறது. 1908-ல் தண்டனை பெற்று 1912-ல் விடுதலையானவர் அவர். மாடு இழுக்கவேண்டியதை ஒரு வக்கீலை இழுக்கவிட்டார்கள். அந்த மனிதரோ சிறையிலேயே ஜேம்ஸ் ஆலனின் புஸ்தகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார். செக்கு சர்க்கார் கொடுத்தது. படிப்பு அவராகத் தேடிக்கொண்டது.

பிறகு காலம் மாறிற்று. சென்னையில் உத்தியோகம் பார்த்த கார்டியூ துரையின் தலைமையில் 1919-20-ல் கூடிய கமிட்டி, கைதியைத் திருத்துவதும் ஜெயிலின் கடமைதான் என்று சொன்னது. இன்று வேலூர் ஜெயிலில் போலீஸாருக்குப் பூட்ஸ் தைக்கிறார்கள்; கோயமுத்தூரில் தறி ஓடுகிறது; புழலில் கைதிகள் பெட்ரோல் போடுகிறார்கள், பத்தாவது பரீட்சையும் எழுதுகிறார்கள். கடுங்காவல் கைதிக்கும் நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்று 1998-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

எல்லாம் சரி. ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் தண்டனை பெற்றவர்களுக்கு. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் 4,36,266 பேருக்கு இடம். இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேர்! விசாரணைக் கைதிகளை மட்டும் வைத்தாலே ஜெயில் ஏறக்குறைய நிரம்பிவிடும். குற்றம் நிரூபணமாகாதவனை வேலை செய்யும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பது நல்ல விதிதான். நடைமுறையில் அது என்ன ஆகிறதென்றால், குற்றவாளிக்குத் தறியும் கூலியும் கிடைக்கின்றன; குற்றவாளியோ இல்லையோ என்று தெரியாதவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இட நெருக்கடி என்று சொல்லலாம். வடக்கே பல ராஜ்யங்களில் அது உண்மை; படுக்கவே இடமில்லாதபோது பலகையை எங்கே மாட்டுவது? தமிழ்நாட்டில் அந்தச் சமாதானம் செல்லாது. மாநிலம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் இங்கே இடம் மிச்சமிருக்கிறது. இங்கேயும் விசாரணைக் கைதிகள்தாம் பெரும்பான்மை.

சிறுவர்கள் விஷயத்திலும் இப்படியே. விசாரணை முடியும்வரை அவர்களை வைத்திருக்கும் இடத்துக்கு இப்போது கூர்நோக்கு இல்லம் என்று பெயர். அழகான தமிழ். 2022 டிசம்பர் கடைசியில் தாம்பரத்துப் பையன் ஒருவனை, ரயில்வே பாட்டரி திருடியதாகப் பிடித்து, செங்கற்பட்டு இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். வயது பதினேழு. சில நாட்களுக்குள் அடிபட்டு இறந்துபோனான். ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். 2023-ல் இத்தகைய இல்லங்களை ஆராய்ந்து சொல்லும்படி நீதிபதி சந்துருவைச் சர்க்கார் நியமித்தது.

அந்தப் பையன்மேல் சுமத்திய திருட்டு நிரூபணமாகியிருக்கவில்லை.