லம்பா லைனில் மூன்று மொழிகள்

எங்கள் குடியிருப்பின் பெயரில் 'லம்பா' இந்தி, 'லைன்' ஆங்கிலம். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. லம்பா லைன் மட்டும் அப்படியே நிற்கிறது. இங்கே மளிகைக்கடை வைத்து முடியும் நரைத்துவிட்டது.

இத்தீவில் மொழிகள் நிலைத்ததும் மறைந்ததும் எப்படி என்று முதலில் நோக்குவோம். 1858இல் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியபோது பல மாகாணங்களிலிருந்து வந்த கைதிகளுக்குப் பொதுவாக வாய்த்தது இந்துஸ்தானி. அவர்கள் வழிவந்த 'லோக்கல் பார்ன்' மக்களுக்கு அதுவே வீட்டு மொழியாயிற்று. தாத்தா பேசிய மொழியைத் தடை செய்து எவரும் சட்டம் போடவில்லை. சந்தையும் கலப்பு மணமுமே அதைச் செய்து முடித்தன. 1921 கலகத்துக்குப்பின் வந்த மாப்பிள்ளைமாரோ குடும்பங்களை வரவழைத்து, திரூர், மஞ்சேரி என்று ஊர்ப்பெயரையும் கொண்டுவந்து, மலையாளத்தைக் காத்துக்கொண்டனர்.

2011 கணக்கெடுப்பில் இத்தீவுகளில் 100க்கு ஏறத்தாழ 15 பேர் தமிழர். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யவேண்டுமென்று 1956இல் சேர்ந்த 350அ பிரிவு சொல்கிறது. அரசுப் பள்ளிகளில் தமிழ்வழியும் நடந்துவந்தது. ஆனால் பெற்றோர் மனசு? ஒரு பள்ளிக் கூட்டத்தில் "தமிழ்வழியா, ஆங்கிலவழியா" என்று கேட்டார்கள். எல்லாரும் ஆங்கிலத்துக்குக் கை தூக்கினோம். நானும்தான். மறைப்பானேன்?

தாய்த் தமிழகமே 2012, 2013இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருக்கியது. அப்புறம் தீவுக்காரனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1998இல் மக்களே வாக்களித்து இருமொழிக் கல்வியைச் சுருக்கி, ஆங்கிலத்தை முதன்மையாக்கினர். 2016இல் அதே மக்கள் பெரும்பான்மையாக வாக்களித்து அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினர். பதினெட்டு வருடத்தில் ஊர் எண்ணம் மாறிற்று.

நம் நிலைமை சற்று வேறு. அங்கே பள்ளிக்கு வெளியிலும் ஆங்கிலம். இங்கே வெளியில் இந்தி. பள்ளி ஆங்கிலத்தைத் தரும், தெரு இந்தியை இலவசமாகத் தரும். ஆகவே 'ஆங்கிலம் மட்டும்' என்று நாம் கேட்டால் இந்தி குறையாது, தமிழ்தான் போகும். பேச்சு கொஞ்ச நாள் நிற்கும், முதலில் போவது எழுத்து. என் பேரன் நன்றாகத் தமிழ் பேசுவான். வந்தவாசியிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் "நீங்களே படிங்க தாத்தா" என்றான்.

இரண்டு மொழி சேர்ந்தால் பிள்ளை குழம்பும் என்பாருக்கு ஒன்று சொல்வேன். பிராகிருதத்திலும் வடமொழியிலும் சமயநூல் பயின்ற எங்கள் சமண முன்னோரே சீவக சிந்தாமணியும் நன்னூலும் தந்தனர். ஸ்ரீபுராணத்தை மணிப்பிரவாளத்தில் எழுதியவர்களும் அவர்களே. ஆகையால் ஆங்கிலவழியே இருக்கட்டும். அதோடு தமிழை ஒரு பாடமாகவாவது பள்ளியில் கேட்டு வாங்குவோம் என்கிறேன். அன்று கை தூக்கியபோது இதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இப்போது ஞாயிறு காலையில் கடை திறக்குமுன் பேரனிடம் என் அப்பாவின் பழைய பேரேட்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறேன். 'து.பருப்பு' என்பதைக் கண்டுபிடிக்க ரெண்டு வாரம் ஆயிற்று. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரும் வருகிறார்கள். திண்ணையில் இன்னும் இடம் இருக்கிறது.