இலவசமும் விலையும்: தென்சென்னைப் புறநகரில் புற்றுநோய் மருந்துக்கான உதவியின் வரலாறு

புற்றுநோய் மருந்து வாங்க வசதியில்லாத குடும்பத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோடு கடந்த எழுபது ஆண்டுகளைப் பார்த்தால், நன்கொடை, கம்பெனி தரும் இலவசம், அரசுக் காப்பீடு என மூன்று வழிகள் தெரிகின்றன. இம்மூன்றையும்விட மருந்தின் விலை இறங்கியதே தாம்பரம், பல்லாவரம் போன்ற ஊர்களின் நோயாளிகளுக்குப் பெரிய உதவி என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த விலை குறித்த வழக்கின் பெரும்பகுதி சென்னையிலேயே நடந்தது.

நன்கொடையின் காலம் அடையாறில் தொடங்குகிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி நிதி திரட்டி உருவாக்கிய புற்றுநோய் நிறுவனத்துக்கு 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு அது செயல்படத் தொடங்கியது. அன்று செலவெல்லாம் பெரும்பாலும் அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும்தான். இரண்டும் மருத்துவமனையின் கையில் இருந்தவை. நன்கொடை வந்தால் கட்டணத்தைக் குறைத்துவிடலாம். மாத்திரை அப்படியல்ல. அதன் விலையை மருத்துவமனை நிர்ணயிப்பதில்லை.

தாம்பரம் சானடோரியம் இதை வேறொரு நோயில் முன்பே கண்டது. காசநோயாளிகளுக்காக டாக்டர் சவுரி முத்து 1928இல் நிறுவிய அந்த மருத்துவமனை 1937இல் அரசு வசமானது, பிற்காலத்தில் எச்.ஐ.வி. சிகிச்சையின் பெரிய மையமாக வளர்ந்தது. மேலைநாடுகளில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டிய எச்.ஐ.வி. கூட்டு மருந்தை 2001இல் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு அம்மருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் இடம்பெற்றது. முதலில் விலை இறங்கியது, பிறகே இலவசம் வந்தது. இந்த வரிசையை மறந்துவிட்டுத்தான் நிதியுதவி பற்றிப் பெரும்பாலும் பேசுகிறோம்.

புற்றுநோயில் இதே கேள்வியை எழுப்பிய மருந்து இமாடினிப். நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2001இல் ஒப்புதல் பெற்ற இந்த மாத்திரையை ஆண்டுக்கணக்கில் தினமும் விழுங்க வேண்டும். நோவார்ட்டிஸ் நிறுவனம் 'கிளிவெக்' என்ற பெயரில் விற்ற இம்மாத்திரை அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் அதே மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராததால்தான் இந்த இடைவெளி சாத்தியமாயிற்று.

நோவார்ட்டிஸ், மேக்ஸ் ஃபவுண்டேஷன் வழியாக 2002 முதல் இந்திய நோயாளிகளுக்குக் கிளிவெக்கை இலவசமாகவும் வழங்கியது. 16,000க்கும் மேற்பட்டோர் பெறுவதாக 2013 வாக்கில் அந்நிறுவனம் கூறியது. அந்த மாத்திரையால் உயிரோடிருப்பவர்களை நினைத்தால் அதைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. ஆனால் யாருக்குக் கொடுப்பது, எத்தனை நாள் கொடுப்பது என்பதெல்லாம் கொடுப்பவரின் முடிவு. 2003 நவம்பரில் கிளிவெக்குக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. அடுத்த ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சில இந்திய நிறுவனங்களின் விற்பனைக்குத் தடை விதித்தது. மலிவு மருந்தை நம்பியிருந்தவர்களின் கதி அப்போது கம்பெனியின் இலவசப் பட்டியலைச் சார்ந்ததாயிற்று.

2005இல் பொருள் காப்புரிமை வந்தபோது, சட்டத்தின் 3(டி) பிரிவும் சேர்ந்தே வந்தது: தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், பலனில் மேம்பட்டிருந்தால் ஒழியக் காப்புரிமை பெறாது. 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் கிளிவெக் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி) அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நோவார்ட்டிஸ் வாதிட்டதை, 2007 ஆகஸ்ட் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு ஏற்கவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியமும் 2009இல் காப்புரிமையை மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று இறுதித் தீர்ப்பளித்தது: மருந்தின் பலன் என்றால் நோய் தீர்க்கும் பலன், உடலில் கூடுதலாகக் கலப்பது மட்டும் போதாது.

அரசுக் காப்பீடு இதற்கிடையே வளர்ந்தது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018இல் மத்தியத் திட்டத்தோடு இணைப்பு. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ரேஷன் கார்டும் வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு தாம்பரத்துக்காரர்கள் காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசுக்குப் போனார்கள். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்தபின் செங்கல்பட்டுக்குப் போகிறார்கள். ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. தாம்பரம் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸின் தொழிலாளிக்கு 21,000 ரூபாய்ச் சம்பளம் வரை ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. சேலையூரில் சொந்தமாக ஆட்டோ ஓட்டி மாதம் 15,000 சம்பாதிப்பவர் இரண்டுக்கும் வெளியே நிற்கிறார். இந்த இடைவெளி எனக்குப் பெரும் அநீதியாகப் படுகிறது. அவருக்கு உதவுவது மருந்தின் விலை இறங்குவதுதான்: 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபத்தை 30 சதவீதத்துக்குள் நிறுத்திய மத்திய அரசின் ஆணை, வருமானச் சான்று கேட்கவில்லை.

புதிய மருந்துகளின் நிலை வேறு. 2024 பட்ஜெட் ஒசிமெர்டினிப், டுர்வாலுமாப், டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் ஆகிய மூன்றுக்குச் சுங்க வரியை நீக்கியது. 2025 பட்ஜெட், கம்பெனிகள் இலவசமாகத் தரும் மேலும் 37 மருந்துகளுக்கு அதே விலக்கை அளித்தது. அரசே மறுபடியும் கம்பெனியின் கொடையைத்தான் ஊக்குவிக்கிறது. முற்றிலும் புதிய மூலக்கூறுகளின் காப்புரிமையைத் தடுக்க 3(டி) போதாது. அவற்றுக்குச் சட்டம் வைத்திருக்கும் வழி, காப்புரிமையாளரின் சம்மதமின்றியே வேறொரு நிறுவனம் தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமம். 2012 மார்ச்சில் பேயர் நிறுவனத்தின் சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்தைத் தயாரிக்க இந்திய நிறுவனமான நாட்கோவுக்கு அது வழங்கப்பட்டது. மாதம் 2,80,000 ரூபாய் அளவில் இருந்த விலை 8,880 ரூபாயாக இறங்கியது. அதற்குப் பிறகு இந்தியாவில் வேறெந்தப் புற்றுநோய் மருந்துக்கும் கட்டாய உரிமம் வழங்கப்படவில்லை.