எண்ணெய்க்குப் பழகிய களிமண்

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் விழுந்து களிமண்ணாய் மாறிய எரிமலைச் சாம்பல்தான் இன்று அமெரிக்காவின் வயோமிங்கில் வெட்டியெடுக்கும் பென்டோனைட். தண்ணீரைக் கண்டால் பல மடங்கு உப்பும். டீசலில் போட்டால் மணலாய் அடியில் படுத்துவிடும். ஆனால் எண்ணெய்க் கிணறு தோண்டும்போது, நீர்பட்டால் சரிந்துவிழும் ஷேல் பாறையைத் துளைக்க எண்ணெயில் கலந்த துரப்பணச் சேறுதான் தோது. அதற்குள் இந்த மண் நுழைய வேஷம் மாற வேண்டியிருந்தது.

எர்ன்ஸ்ட் ஹவுசர் 1950இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மண்ணின் தகடுகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தை விரட்டிவிட்டு, அங்கே கொழுப்பிலிருந்து செய்த அம்மோனியம் உப்பைக் குடியேற்றுவது. பெரும்பாலும் மாட்டுக்கொழுப்பு! அதன் நீண்ட கார்பன் வால்களை எண்ணெய் சேர்த்துக்கொள்கிறது.

மூட்டையில் துரப்பண மேடைக்கு வரும் இந்தப் பொடி டீசலிலோ கனிம எண்ணெயிலோ கலக்கப்படுகிறது. கூடவே கால்சியம் குளோரைடு உப்புநீர், அதைத் துளிகளாக நிறுத்தும் எமல்சிஃபையர், சுண்ணாம்பு, எடைக்குப் பாரைட் என்ற கனமான கனிமம். இதில் வேடிக்கை, தண்ணீருக்கு முதுகு காட்டிய மண்ணின் தகடுகள் பிரிந்து விரியக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். சூடும் கடும் அலைப்பும் கூட வேண்டும்.

அவசரக்காரர்கள் சறுக்கும் இடம் இதுதான். புதுச் சேறு தொட்டியில் நீர்த்துத் தெரியும். இன்னும் நாலு மூட்டை தட்டுவார்கள். துரப்பண முனையின் துளைகள் வழியே பீய்ச்சப்பட்டுச் சூடேறியதும் மிச்சத் தகடுகளும் விரியும், சேறு தடித்துவிடும். பம்பை நிறுத்தி மீண்டும் ஓட்டும்போது அழுத்தம் எகிறிப் பாறையே பிளக்கலாம். சேற்றைக் கவனிக்கும் மட் இன்ஜினியர், பிசுபிசுப்பை அளக்கும் விஸ்கோமீட்டரில் நிமிடத்துக்கு 600, 300 சுற்று அளவுகளோடு நிற்காமல் 6, 3 சுற்றுகளையும் உற்றுப் பார்ப்பது இதனால்தான். ஓடும்போது தகடுகள் வரிசைகட்டிச் சேற்றை இளக்க வேண்டும். நின்றதும் கைகோத்துப் பாரைட்டையும் பாறைத்தூளையும் தாங்க வேண்டும். அந்தப் பிடி தளர்ந்தால் பாரைட் கீழே இறங்கும், கிணற்றின் எடைக்கணக்கே கெடும்.

ஆழ்கடலில் இன்னும் சிக்கல். கடலடியில் 4 டிகிரிக் குளிரில் சேறு கெட்டியாகும். கிணற்றடிச் சூட்டில் இளகும். 200 டிகிரியை நெருங்கினால் சாதாரண வகைகளில் அந்தக் கொழுப்பு வால்களே சிதையத் தொடங்கும். அதனால் அங்கே களிமண்ணைக் குறைத்து, பாலிமர்களுக்குப் பாதி வேலையைக் கொடுப்பது எனக்குச் சரியாகவே படுகிறது.

ஒரு கிணறு முடிந்தாலும் சேற்றைக் கொட்டிவிடுவதில்லை. சல்லடைக்குத் தப்பிய பாறைத்தூள் சேர்ந்து அது தடித்திருக்கும். புது எண்ணெய் ஊற்றி இளக்கி, எமல்சிஃபையரும் ஓரிரு மூட்டைக் களிமண்ணும் சேர்த்து அடுத்த கிணற்றுக்கு அனுப்பிவிடுவார்கள்.