மும்பாட்டனும் சிரம்பியடியும்

ஹொலிவுட்டில் சினிமாஸ்கோர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. முதல் நாள் படம் பார்த்து வெளியே வாற ஆட்களிடம் கையோட கேட்டு எடுக்கிற மார்க். 2018 டிசம்பரில் வந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' அதில் ஏ பிளஸ் வாங்கியது. ஆனால் அந்த முதல் வார இறுதியில் அமெரிக்காவில் வசூல் சுமார் 35 மில்லியன் டொலர்தான். 2023 ஜூனில் வந்த அடுத்த பாகம் 'அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்' முதல் மூன்று நாளில் 120 மில்லியனைத் தாண்டியது. மார்க் ஏ. கூட்டம் குறைவாக இருக்கும்போது கொண்டாட்டம் கூட, கூட்டம் கூடினபோது கொஞ்சம் முணுமுணுப்பு. அந்த முணுமுணுப்பு எதுக்கு என்று கடைசியில வாறம்.

விமர்சகர்கள் முதல் பாகத்தைக் கொண்டாடினதுக்குப் பெரிய காரணம் கண்ணுக்குத் தெரிஞ்ச விஷயம். பழைய கொமிக்ஸ் தாளில் மை ஒழுங்காப் பதியாமல் நிற்குமே புள்ளி புள்ளியா, அதை அப்படியே திரைக்குக் கொண்டு வந்தார்கள். மைல்ஸ் மொராலெஸ் வலை வீசப் பழகும் காட்டுக் காட்சியில் பீட்டர் பார்க்கரின் அசைவு நொடிக்கு 24 படம், மைல்ஸுடையது 12 படம். பெடியன் இன்னும் தடுமாறுறான் என்பதை வசனமில்லாமல் அசைவிலேயே சொல்லியிருந்தார்கள். 2019இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் கிடைத்தது. அதுக்கு முந்தின ஆறு வருஷமும் அந்த விருது டிஸ்னி, பிக்ஸார் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

பார்வையாளர் பக்கம் விஷயம் வேற. அங்க பேச்செல்லாம் முகமூடிக்குள்ள இருக்கிற முகத்தைப் பற்றித்தான். அந்தச் சண்டை படத்துக்கு எட்டு வருஷம் முன்னாடியே தொடங்கிவிட்டது. 2010இல் நடிகர் டொனால்ட் க்ளோவரை அடுத்த ஸ்பைடர்மேன் தேர்வுக்காவது கூப்பிடுங்கள் என்று இணையத்தில் ஒரு கோரிக்கை கிளம்பியது. கறுப்பின ஸ்பைடர்மேனா என்று ஒரு கூட்டம் பாய்ந்தது. அடுத்த வருஷம், 2011 ஆகஸ்ட்டில், எழுத்தாளர் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் ஓவியர் சாரா பிக்கெல்லியும் மைல்ஸை கொமிக்ஸில் அறிமுகப்படுத்தினார்கள். அப்பா கறுப்பின அமெரிக்கர், அம்மா புவேர்ட்டோ ரிக்கோ வழி வந்தவர், ஊர் புரூக்ளின். மறுபடி அதே கூச்சல். அதே க்ளோவர் 2023 படத்தில் சொந்த முகத்தோட ஒரு காட்சியில் வந்து நிற்கிறார். தெரிஞ்ச ஆட்களுக்கு அந்தச் சில நொடியே போதும்.

இனித் தமிழ்ப் பக்கம் வருவோம். ஏனென்றால், 'உண்மையான ஸ்பைடர்மேன் ஒருத்தர்தான்' என்ற வாதம் தமிழில் எடுபடவே ஏலாது. சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி', பிரித்தானியக் கொமிக்ஸ் நாயகன் ஒருத்தர். 1984இல் அதே குடும்பத்திலிருந்து எஸ். விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். லயனைத் தூக்கி நிறுத்தின நாயகர்களில் ஒருத்தர் பெயர் ஸ்பைடர். ஆனால் மார்வெலின் ஸ்பைடர்மேன் இல்லை! இவர் 1965இல் பிரித்தானிய 'லயன்' வார இதழில் பிறந்த ஆள். கூரான காது, கறுப்பு உடுப்பு, வலைத் துப்பாக்கி, ஹெலிகார் என்ற பறக்கும் வண்டி. ஆரம்பத்தில் இவர் நல்லவரே இல்லை, குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாகணும் என்பதுதான் இலட்சியம். பிறகுதான் திருந்தி மற்றக் குற்றவாளிகளை வேட்டையாடுகிறார். இந்தக் கதைகளில் பெரும் பங்கை எழுதினவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கின இரண்டு பேரில் ஒருத்தர். சொந்த நாட்டில் சூப்பர்மேன் உரிமைக்காக வழக்குப் பேசிக் களைச்ச மனுசன் எழுதின கதை, இலண்டன் சுற்றிச் சிவகாசிக்கு வந்து தமிழ்ப் பிள்ளைகளின் ஸ்பைடர் ஆகிவிட்டது.

இலங்கையிலும் இதுக்கு வாசகர்கள் இருந்தார்கள். எண்பதுகளில் தமிழில் கொமிக்ஸ் வாசிச்ச ஒரு ஆளிடம் 'ஸ்பைடர்' என்று சொல்லிப் பாருங்கள், சிவப்பு நீல உடுப்புக்கு முன்னாடி அந்தக் கூரான காதுதான் ஞாபகம் வரும். ஒரு பெயர், இரண்டு ஆள், இரண்டு உலகம். இதுக்கு அப்போ யாரும் மல்டிவெர்ஸ் என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பவித்ர் பிரபாகர் வந்தது 2004இல். ஷரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஓவியர் ஜீவன் காங் மூவரும் மார்வெல் அனுமதியோட செய்த 'ஸ்பைடர்-மேன்: இந்தியா' நாலே இதழ். கிராமத்துப் பையன் உதவித்தொகையில் மும்பைக்குப் படிக்க வாறான், ஒரு யோகி சக்தி குடுக்கிறார், பச்சைப் பூதத்துக்குப் பதில் ராட்சசன், காலில் வேட்டி. புதுசா ஏதோ செய்யணும் என்ற ஆசை இருந்தது. ஆனால் பீட்டரின் கதையை வரிக்கு வரி வைத்துக்கொண்டு மேலே இந்தியச் சாயம் பூசின மாதிரித்தான் இருக்கும். நாலு இதழோட நின்றதில் எங்களுக்கு ஆச்சரியம் இல்லை.

2023 படத்தில் பவித்ர் வேற ஆள். மும்பையையும் மன்ஹாட்டனையும் கலந்து மும்பாட்டன் என்று ஒரு ஊர், அதில் அடுக்கடுக்கா வாகன நெரிசல். 'சாய் டீ' என்று மைல்ஸ் சொன்னவுடனே, சாய் என்றாலே தேத்தண்ணிதானடா என்று பாய்கிறான். ஊரைச் சுற்றிக் காட்டும்போது, பிரித்தானியர் எங்கட சாமான்களைக் களவெடுத்த இடம் என்றும் ஒரு இடத்தைக் காட்டுகிறான். தலைமுடிக்கு என்ன போடுகிறாய் என்று கேட்டால் பதிலில் தேங்காய் எண்ணெய் வருகிறது. தென்னை முக்கோணத்தில் பிறந்த எங்களுக்கு அந்த ஒரு பதிலே டிக்கெட் காசு. இந்தியாவில் படம் தமிழ் உட்பட 10 மொழியில் வந்தது. ஹிந்தி, பஞ்சாபிப் பதிப்புகளில் பவித்ருக்குக் குரல் கிரிக்கெட் வீரர் ஷுப்மன் கில். அங்கே வரவேற்பு பெரிசு. கூடவே ஒரு முறைப்பாடும் வந்தது: இந்தியா என்றால் எப்பவும் மும்பை மட்டும்தானா என்று. நியாயமான முறைப்பாடுதான்.

எங்கட சங்கடம் வேற. நாங்கள் இந்தியர் இல்லை. உலகத்தின் கண்ணுக்கு 'தெற்காசிய ஸ்பைடர்மேன்' கிடைத்தாச்சு, நீங்களும் சந்தோஷப்படுங்கள் என்று சொன்னால், பட்டோம். சிரித்தோம், கைதட்டினோம். ஆனால் புத்தளத்தில் இருந்து பார்க்கும்போது பவித்ரைவிட மைல்ஸ்தான் கிட்ட. இதை சும்மா வசதிக்குச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது.

புத்தளம் டவுனுக்குப் பக்கத்தில் சிரம்பியடி. ஆபிரிக்க வம்சாவளி இலங்கையர் வாழ்கிற ஊர். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் என்று மூன்று ஆட்சியும் மொசாம்பிக் போன்ற கிழக்கு ஆபிரிக்கக் கரைகளிலிருந்து அடிமையாகவும் சிப்பாயாகவும் கொண்டுவந்தவர்களின் வாரிசுகள். பிரித்தானியர் இவர்களை வைத்துப் படைப்பிரிவே நடத்தினார்கள். இலங்கை றைபிள் படை 1873இல் கலைக்கப்பட்டது. படையை விட்டவர்களில் ஒரு பகுதி புத்தளத்தோட தங்கிவிட்டது. காப்பிரி என்ற பெயரைக் கேட்டால் எங்களில் பலருக்கு அரபுச் சொல்லொன்று ஞாபகம் வரும், அது சரிதான். அரபு வணிகர் முஸ்லிம் அல்லாத ஆபிரிக்கர்களைச் சொன்ன சொல் போர்த்துக்கேயர் வாயில் ஏறி இங்கே வந்தது. தென்னாபிரிக்காவில் அதே சொல் படுமோசமான வசை. இங்கே அவர்கள் தங்களுக்கே அதைச் சொல்லிக்கொள்கிறார்கள். தாய்மொழியாக இருந்த போர்த்துக்கேயக் கிரியோல் இப்போ அன்றாடப் பேச்சில் இல்லை, பேச்சு சிங்களத்துக்கு மாறிவிட்டது. மிச்சம் இருப்பது மன்ஜா. றபான், சிரட்டை, கரண்டி, போத்தல் என்று கையில் கிடைத்ததெல்லாம் தாளம். பாட்டில் அந்தப் பழைய மொழி இருக்கிறது. நாடே ஆடுகிற பைலாவின் ஒரு வேர் இங்கேதான்.

ஸ்பைடர்-வெர்ஸில் மைல்ஸின் அம்மா ரியோ ஸ்பானிஷில் பேசும்போது பல இடத்தில் மொழிபெயர்ப்பு வராது. விளங்கினவனுக்கு விளங்கட்டும் என்று விட்டிருப்பார்கள், விமர்சகர்கள் அதைப் பாராட்டினார்கள். எங்கட கரையில் அது புதுமையே இல்லை. கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை பஸ்ஸில் வந்து பாருங்கள். உடப்பில் தமிழ், சிலாபம் பக்கம் ஒரே வீட்டில் பாட்டி தமிழ், பேரப்பிள்ளை சிங்களம். யாரும் யாருக்கும் எழுத்துப் போட்டுக் காட்டுவதில்லை. ஆனால் அந்தக் கரையின் பிள்ளைகளுக்குத் தங்கட ஊரிலேயே ஆபிரிக்க வம்சாவளி இருக்கு என்று பாடப்புத்தகத்தைவிட முதலில் சொல்லித் தருவது ஒரு மார்வெல் படமாக இருந்தால், அது எங்கட வெட்கம். மைல்ஸுக்குக் கைதட்டின எங்களில் எத்தனை பேர் சிரம்பியடிக்குப் போயிருக்கிறோம்?

இரண்டாம் பாகத்திலிருந்து பார்வையாளர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனது 'கனன் ஈவென்ட்' என்ற சொல்லை. ஒவ்வொரு ஸ்பைடர்மேனுக்கும் ஒரு இழப்பு கட்டாயம் நடக்கணும், தடுத்தால் உலகமே குலையும் என்று மிகெல் ஓஹாரா சொல்கிறார். மைல்ஸுக்கு அப்பா சாகணுமாம். 2023 பூராவும் இது இணையப் பகிடியாக ஓடியது. நண்பன் காதலில் விழுந்து அடிவாங்கினாலும் கனன் ஈவென்ட், தலையிடாதே. பகிடி நல்லதுதான். ஆனால் படம் சொல்வது நேர்மாறு. மைல்ஸ் மட்டும்தான் 'இல்லை, நான் தடுப்பேன்' என்று ஓடுகிறான். மற்ற அத்தனை பேரும் அவனைத் துரத்துகிறார்கள்.

இந்த இடத்தில் எங்களில் சிலருக்குச் சிரிப்பு வரவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னாரிலிருந்து பலர் வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். பாலாவி, ஆலங்குடா, நுரைச்சோலை என்று ஓலைக்குடிலில் தொடங்கின வாழ்க்கை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு வீட்டில் கிடைத்த விளக்கம் பெரும்பாலும் 'தலையெழுத்து' என்ற ஒரே சொல். தலையெழுத்து இல்லை, துவக்கு வைத்திருந்தவர்கள் எடுத்த முடிவு. நடக்காமல் இருந்திருக்கலாம். மிகெலின் வாதத்தை ஒரு படம் இவ்வளவு வெளிப்படையாக மறுப்பதைப் பார்க்க, அந்தப் பிள்ளைகளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று வெளிநாட்டு விமர்சனம் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

இருப்பு இங்கே, வாக்கு அங்கே என்று நிறையப் பேர் வருஷக்கணக்காக இருந்தார்கள். 2019 ஜனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன பஸ் வரிசைமேல் தந்திரிமலையில் துப்பாக்கிச்சூடு நடந்தது. நல்லவேளை உயிர்ச்சேதம் இல்லை. புத்தளத்தில் 'வந்த ஆள்', மன்னாரில் 'போன ஆள்'. மிகெல் மைல்ஸைப் பார்த்து, நீ எங்கேயும் சேராதவன், நடந்திருக்கவே கூடாத தவறு என்று சொல்லும் காட்சி ஒன்று வரும். அது பகிடியாகப் பரவவில்லை.

இப்போ அந்த முணுமுணுப்புக்கு வாறம். ஏ பிளஸ் ஏ ஆனதுக்கு இழுபறியான முடிவும் ஒரு காரணம் என்றுதான் எங்களுக்குப் படுகிறது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் உட்கார வைத்துவிட்டு 'தொடரும்' போட்டார்கள் என்று நிறையப் பேர் கடுப்பானார்கள். மைல்ஸ் ஓடித் தப்பி வீட்டுக்கு வாறான். அதே அறை, அதே அம்மா. கொஞ்சம் கழித்துத்தான் விளங்குகிறது, இது வேற உலகத்து வீடு. இங்கே அப்பா இறந்துவிட்டார், சித்தப்பா உயிரோடு இருக்கிறார், எதிரே தன் சொந்த முகம் எதிரியாக நிற்கிறது. அங்கே வெட்டிவிட்டார்கள். அடுத்த பாகம் 2024 மார்ச்சில் வரும் என்றார்கள், பிறகு 2027க்குத் தள்ளினார்கள். முறைப்பாடு எங்களுக்கும் விளங்குது. ஆனால் எங்கட கூட்டத்தில் ஆலங்குடாப் பக்கத்துப் பெடியன் ஒருத்தனுக்கு மட்டும் அந்த முடிவில் குறையே தெரியவில்லை. 2009க்குப் பிறகு வாப்பாவோட மன்னாரில் பழைய வளவைப் பார்க்கப் போனபோது, கிணறு அதே இடத்தில் இருந்ததாம், வீட்டில் வேற ஆட்கள் இருந்தாங்களாம். தேத்தண்ணி குடுத்தாங்களாம்.